மோர்பி எண் தேட மெகாவுக்குக் காசு கொட்ட வேண்டுமா?

போல் மோர்பி என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதுரங்க வீரரோடு ஆடியவருக்கு எண் 1. அந்த ஆளோடு ஆடியவருக்கு 2. இப்படியே இறங்கி வந்தால் கிடைப்பதுதான் மோர்பி எண். 1837இல் நியூ ஓர்லியன்ஸில் பிறந்து 1884இல் இறந்துபோன ஒருவருக்கும், வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்து கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேட்டால் இருபது, முப்பது என்று பதில் வரும். உண்மையில் இரண்டு கை விரல்கள் தாராளமாகப் போதும். இதைத் தேடித் தரும் தரவுத்தளங்களைப் பற்றியது இந்த மதிப்பீடு. திறப்பாட்டம் படிக்கவோ எதிராளியை ஆராயவோ எது நல்லது என்ற கேள்வியை இங்கே தொடவில்லை. சங்கிலி தேடுவது ஒன்றுதான் அளவுகோல்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். ஸ்கிட் வெர்சஸ் பிசி என்ற இலவச மென்பொருள், கைசாபேஸ் என்ற இலவச ஆட்டத் தொகுப்பு, அதன் மேல் ட்விக் வாராந்தக் கோப்புகள்: இந்த மூன்றும் இருந்தால் வேலை நடக்கும். செஸ்பேஸ் நிறுவனத்தின் மெகா தரவுத்தளத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் உண்டு, பெயர்கள் ஒழுங்காக இருக்கும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதற்கு 200 யூரோவை ஒட்டிய விலை. முழு வசதியோடு திறக்க செஸ்பேஸ் மென்பொருளுக்கு வேறு காசு, அதுவும் விண்டோஸில் மட்டும். கொழும்பில் யூரோவை ரூபாயாக்கி, அட்டைக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், சங்கிலி தேட மட்டும் அதை வாங்குவது கொசு அடிக்கப் பீரங்கி வாங்குவது போல. போட்டிக்குத் தயாராக ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் தாராளமாக அதையே பயன்படுத்தலாம்.

ஸ்கிட்டுக்குப் பெரிய கணினி வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும் பாவித்த மடிக்கணினி, 8 ஜிபி நினைவகம், அவ்வளவு போதும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கைசாபேஸ் ஸ்கிட் வடிவத்திலேயே கிடைப்பதால் மாற்றும் வேலை இல்லை. 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டும் உள்ளே. ட்விக் என்பது மார்க் குரோதர் 1994இல் தொடங்கிய வாராந்த வெளியீடு. ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து ஆட்டங்கள் பி.ஜி.என். என்ற உரை வடிவக் கோப்பாக இலவசமாக வரும். ட்விக்கை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு சங்கிலி தேடப் புறப்பட்டால் 1990களில் முட்டி நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு முந்தியது எதுவும் அதில் இல்லை. பழையதற்குக் கைசாபேஸ், புதியதற்கு ட்விக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிச்செஸ் என்ற இலவச இணையச் சதுரங்கத் தளத்தின் மாஸ்டர்ஸ் பகுதியிலேயே தேடிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது 1952க்குப் பிந்திய ஆட்டங்களை, 2200க்கு மேற்பட்ட ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) தரமுள்ளவர்களின் ஆட்டங்களை மட்டும் வைத்திருக்கிறது. மோர்பி பக்கமும் கிடையாது, கொழும்புப் பக்கமும் கிடையாது. இந்த வேலைக்கு உதவாது.

அமைப்பது எப்படி என்றால், முதலில் ட்விக் கோப்புகளைத் தனி ஒரு தரவுத்தளமாக இறக்குங்கள். கைசாபேஸோடு நேரே கலக்காதீர்கள். அந்தத் தனித் தரவுத்தளத்தில் மெயின்டனன்ஸ் சாளரத்தைத் திறந்து, பெயர்களுக்கான ஸ்பெல்செக்கை ஓட்டுங்கள். ஸ்கிட்டோடு ஒரு எழுத்துத் திருத்தக் கோப்பு வரும். ஒரே ஆளின் பல எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்குவது அதன் வேலை. திருத்தங்களை உடனே ஏற்காமல், அது காட்டும் பட்டியலை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். தலைப்பெழுத்து மட்டும் உள்ள பெயரை முழுப் பெயராக மாற்றும் இடங்களில்தான் பிழை நுழையும். அதன் பிறகு கைசாபேஸுக்குள் கொப்பி செய்யுங்கள்.

இங்கே பலர் அடுத்த வேலையாக இரட்டை ஆட்டங்களை அழிக்கப் போவார்கள். வேண்டாம். ஒரே ஆட்டம் இரண்டு முறை பதிவாகியிருந்தாலும் அந்த இருவருக்கும் இடையில் இணைப்பு ஒன்றுதான், சங்கிலி கூடுவதோ குறைவதோ இல்லை. பெயரில் முதல் நான்கு எழுத்து ஒத்திருந்தாலே போதும் என்ற தெரிவைத் தவறுதலாகப் போட்டு அழித்தால், உண்மையான ஆட்டங்களும் சேர்ந்து போய்விடும். அழித்த ஆட்டம், கோப்பைச் சுருக்கும் கொம்பெக்ட் வேலையைச் செய்யும் வரைக்கும் கோப்புக்குள் கிடக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பெயர்தான் இங்கே எல்லாம். பிழை இரண்டு வகை, இரண்டும் ஒரே எடை அல்ல. ஒரே ஆள் இரண்டு பெயரில் கிடந்தால் சங்கிலி உண்மையானதை விட நீளமாக வரும். அது நட்டமில்லாத பிழை, பிறகு திருத்தலாம். இரண்டு ஆட்கள் ஒரே பெயரில் கலந்துவிட்டால் சங்கிலி பொய்யாகச் சுருங்கிவிடும். சுருங்கிய எண்ணைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம் வருவதால் யாரும் திரும்பிச் சோதிப்பதில்லை. இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

லாஸ்கர் என்று தேடிப் பாருங்கள். எமானுவேல் லாஸ்கர் உலக வெற்றியாளர், 1868 முதல் 1941 வரை வாழ்ந்தவர். எட்வர்ட் லாஸ்கர் வேறு ஆள், 1885இல் பிறந்து 1981இல் இறந்தார். 1924 நியூயோர்க் சுற்றுப்போட்டியில் இருவரும் ஒன்றாக ஆடியிருக்கிறார்கள், இருவருக்கும் தலைப்பெழுத்தும் ஒன்றுதான். ஒரே பெயராகக் கலந்தால், 1890இல் ஆடியவரும் 1970களில் ஆடியவரும் ஒருவரே என்று கணினி நம்பிவிடும். பேர்ன்ஸ்டைனிலும் இதே கதை: ஒசிப் பேர்ன்ஸ்டைன் ஒருவர், அமெரிக்காவின் சிட்னி பேர்ன்ஸ்டைன் இன்னொருவர். போல்சன்கள் லூயியும் வில்ஃப்ரீடும் சகோதரர்கள், மோர்பியோடு நியூயோர்க்கில் மோதியவர் லூயி. சங்கிலியில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் முதல் ஆட்டத்தின் ஆண்டையும் கடைசி ஆட்டத்தின் ஆண்டையும் எடுத்துப் பாருங்கள். இடைவெளி 65 ஆண்டைத் தாண்டினால் இரண்டு ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று சோதியுங்கள்.

ஸ்கிட்டில் 'சங்கிலி தேடு' என்று ஒரு பொத்தான் கிடையாது. இது அதன் பெரிய குறை. கையால் தேட வேண்டும், அல்லது ஆட்டத் தலைப்புகளை மட்டும் ஏற்றுமதி செய்து, வெள்ளை, கறுப்பு, ஆண்டு, போட்டி என்று ஒரு வரிக்கு ஓர் ஆட்டமாக்கி, பைத்தன் நிரல்மொழியில் அடுக்கடுக்காக விரியும் தேடலை எழுத வேண்டும். நிரல் தெரிந்தவருக்கு அது ஒரு பின்னேர வேலை. ஆனால் அது முதலில் கிடைக்கும் ஒரு பாதையை மட்டும் காட்டி நிற்கும். அதே நீளத்தில் பல பாதைகள் இருக்கலாம், அவற்றில் ஆதாரம் பலமான பாதை எது என்று அதற்குத் தெரியாது. எல்லாக் குறுகிய பாதைகளையும் கேட்டு வாங்கிப் பிறகு கண்ணால் பொறுக்குங்கள்.

கையால் தேடுவதும் நினைப்பது போல் கடினமில்லை. ஹெடர் தேடலில் ஒரு பெயரைப் போட்டு, நிறம் பார்க்க வேண்டாம் என்ற இக்னோர் கலர்ஸ் தெரிவை மறக்காமல் குறியிடுங்கள். மறந்தால் பாதி ஆட்டங்கள் வராது. பட்டியலைத் திகதிப்படி அடுக்குங்கள். சங்கிலியின் புதிய முனையிலிருந்து போகும்போது, அந்த ஆள் சந்தித்தவர்களில் ஆக வயதானவரைப் பிடியுங்கள். பழைய முனையிலிருந்து வரும்போது ஆக இளையவரைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அடி வைத்தால் நடுவில் ஓரிடத்தில் சந்திக்கும்.

ஆனந்தை எடுத்துக்கொள்வோம். 1995இல் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் கஸ்பரோவோடு 18 ஆட்டம் ஆடினார். கஸ்பரோவின் ஆட்டங்களைத் திகதிப்படி அடுக்கி, எதிராளிகளில் மூத்தவரைத் தேடினால் ஸ்மிஸ்லோவ் வருவார்: 1984, வில்னியஸ், உலகப் பட்டத்துக்கான தகுதி இறுதிப் போட்டி. கஸ்பரோவை விட மூன்று மடங்கு வயது அவருக்கு. ஸ்மிஸ்லோவின் பக்கம் திறந்தால் 1946 குரோனிங்கன். அந்தச் சுற்றுப்போட்டியில் 20 பேர், எல்லாரும் எல்லாரோடும் ஆடினார்கள். அங்கே 63 வயதில் உட்கார்ந்திருந்தவர் ஒசிப் பேர்ன்ஸ்டைன். அவர் 1907இல் ஒஸ்டெண்டில் ஆடியபோது, அதே போட்டியில் 74 வயதோடு ஜேம்ஸ் மோர்ட்டிமர் என்று ஒருவர் இருந்தார், பட்டியலின் அடியில். 1850களில் பாரிஸில் இருந்த அமெரிக்கர் அவர், மோர்பியோடு அங்கே ஆடியவர். மோர்ட்டிமர் 1, பேர்ன்ஸ்டைன் 2, ஸ்மிஸ்லோவ் 3, கஸ்பரோவ் 4, ஆனந்த் 5.

இந்த மூன்று கிழவர்களும்தான் ஒன்றரை நூற்றாண்டைச் சுருட்டித் தருகிறார்கள். 74, 63, 60க்கு மேல். வென்றார்களா தோற்றார்களா என்பது இதில் கணக்கே இல்லை, ஒஸ்டெண்டில் கடைசி இடம் பிடித்த ஆள்தான் நமக்குத் தங்கம். உலக வெற்றியாளர்களைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது புரிவதில்லை. அந்த வழியில் ஆண்டர்சன், ஸ்டைனிட்ஸ், லாஸ்கர், கபப்ளாங்கா, அலெகைன், யூவே, பொட்வின்னிக், பெட்ரோசியன், ஸ்பாஸ்கி, கார்ப்போவ் என்று கஸ்பரோவுக்கு 11 வந்துவிடும், 4 வர வேண்டிய இடத்தில். பட்டத்தோடு சீக்கிரம் விலகிய ஆட்கள் சங்கிலிக்கு உதவ மாட்டார்கள். மோர்பியே அப்படித்தான், ஃபிஷரும் அப்படித்தான். ஃபிஷருக்கும் கார்ப்போவுக்கும் இடையில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. 1975இல் பட்டம் கைமாறியது, காய் நகரவில்லை. ஸ்டைனிட்ஸும் நியூ ஓர்லியன்ஸில் மோர்பியைக் கண்டு பேசியிருக்கிறார், ஆடவில்லை. சந்திப்பு இணைப்பாகாது.

இன்னொன்று, தமிழ் வாசகருக்குப் பிடிக்கும். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மனுவேல் ஆரோன் 1960 லைப்சிக் சதுரங்க ஒலிம்பியாட்டில் மாக்ஸ் யூவேயை வென்றார். யூவேயும் அதே குரோனிங்கனில் பேர்ன்ஸ்டைனோடு ஆடியவர், ஆக எண் 3. ஆரோனுக்கு 4. கஸ்பரோவுக்கும் அதே 4.

இப்போது இணைப்பின் தரம். மோர்ட்டிமர் மோர்பியோடு ஆடியது பாரிஸில் சாதாரணமாக, போட்டியாக அல்ல. அதை ஏற்க மாட்டேன் என்பவர் வேறு பாதை எடுக்க வேண்டும்: 1857 நியூயோர்க் இறுதியில் மோர்பி–லூயி போல்சன், 1889 பிரெஸ்லாவில் போல்சன்–டாராஷ், 1914 சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாராஷ்–பேர்ன்ஸ்டைன், பிறகு முந்திய வழியே. எல்லாமே போட்டி ஆட்டம், அட்டவணை உள்ளவை. ஆனந்துக்கு 6 வரும். இரண்டும் சரி, ஆனால் எந்த விதியில் எண்ணினீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது அரைகுறை வேலை. ரெப்பிட் எனும் குறுகிய நேர ஆட்டத்திலும் இதே சிக்கல். கார்ல்சன் கஸ்பரோவோடு ஆடியது 2004 ரெய்க்கியவிக் ரெப்பிட்டில். அதை ஏற்றால் கார்ல்சனுக்கு 5, 2023 பாகு உலகக் கிண்ண இறுதியில் அவரோடு ஆடிய பிரக்ஞானந்தாவுக்கு 6. நீண்ட நேர ஆட்டம் மட்டும் என்றால், 2013 சென்னையில் ஆனந்த் வழியாக கார்ல்சனுக்கு 6, இந்த வழியில் பிரக்ஞானந்தாவுக்கு 7.

தரவுத்தளம் தானாக வடிகட்டாதவை சில உண்டு. மோர்பியின் பெயர்போன ஒபேரா ஆட்டத்தில், 1858 பாரிஸ், எதிரே இருந்தவர்கள் இருவர், பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார்ட் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள். கோப்பில் அது ஒரே பெயராகக் கிடக்கும், கணினிக்கு அது ஒரு மனிதர். ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் சைமல் ஆட்டங்களும் அப்படியே. 1925இல் லெனின்கிராட்டில் 14 வயதுப் பொட்வின்னிக் கபப்ளாங்காவைச் சைமலில் தோற்கடித்தது புகழ்பெற்ற ஆட்டம், ஆனால் நேருக்கு நேர் ஆட்டமாக எண்ணக் கூடாது. போட்டிப் பெயரில் 'சிம்' (சைமல்), 'பிளைண்ட்' (பலகையைப் பார்க்காமல் ஆடியது), 'கன்சல்ட்' (கலந்து பேசி ஆடியது) என்ற சொற்கள் வரும் ஆட்டங்களைத் தேடி முதலே ஒதுக்குங்கள். 'என்.என்.' என்ற பெயரையும் தூக்கிவிட வேண்டும். பெயர் தெரியாத எதிராளிக்கெல்லாம் போடும் குறி அது. விட்டால் அந்தக் குறியோடு ஆட்டம் பதிவான எல்லாருடைய மோர்பி எண்ணும் 2 ஆகிவிடும். ஒரு காய் குறைத்துக் கொடுத்து ஆடிய ஆட்டங்களும் மோர்பியிடம் ஏராளம், அவற்றை ஏற்பதா விடுவதா என்பதை முதலே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொழும்பு முனைக்கு வருவோம். எந்தத் தரவுத்தளத்துக்கும் பலவீனமான இடம் இதுதான், மெகாவுக்கும் சேர்த்து. இங்கே நடக்கும் பாடசாலைப் போட்டிகளிலும் வார இறுதித் திறந்த போட்டிகளிலும் நகர்த்தல் தாள்கள் பெரும்பாலும் கோப்பாவதில்லை. மின்னணுப் பலகை வைத்தாலும் முதல் சில மேசைகளுக்குத்தான். ஆகவே ஸ்கிட்டில் உங்கள் பெயரைத் தேடி ஒன்றும் வராவிட்டால் உங்களுக்கு எண் இல்லை என்று அர்த்தமில்லை. இணைப்புக்கு நகர்த்தல்கள் தேவையில்லை, முடிவு போதும். அந்த முடிவுகள் செஸ் ரிசல்ட்ஸ் தளத்தில் கிடக்கின்றன: போட்டியைத் திறந்து, பெயரை அழுத்தினால் சுற்றுவாரியாக எதிராளிகள் வருவார்கள். ஃபிடே தளத்தில் உங்கள் பக்கத்தில், தரம் கணக்கிட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் எதிராளிகளின் பட்டியல் உண்டு. தரக்கணக்குக்குப் போன ஆட்டமென்றால் இதுவே பலமான ஆதாரம்.

விளையாடாமல் கிடைத்த புள்ளியை எண்ணாதீர்கள். எதிராளி வராத சுற்றும், ஆள் இல்லாத 'பை' சுற்றும் தனிக் குறியோடுதான் இருக்கும். அவசரத்தில் 1 என்று வாசித்துவிடுவார்கள்.

நம் பெயர்கள் தனிச் சோதனை. குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்பது ஃபிடேயின் ஒழுங்கு. நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். ஒரே பிள்ளை ஒரு போட்டியில் தன் பெயருக்குப் பின் முதலெழுத்தோடும், அடுத்ததில் தகப்பன் பெயர் முன்னால் வந்தும், மூன்றாவதில் ஒரு எச் கூடியும் பதிவாகியிருக்கும். ஆனந்தே சில பழைய கோப்புகளில் விஸ்வநாதன் என்ற குடும்பப் பெயரோடு கிடப்பார், அது அவர் அப்பாவின் பெயர். ஸ்கிட்டின் திருத்தக் கோப்புக்கு ஆனந்தைத் தெரியும், கொட்டாஞ்சேனைப் பிள்ளையைத் தெரியாது. சிங்களப் பெயர்களில் சிக்கல் மறுபக்கமாக வரும்: பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்ற குடும்பப் பெயர்கள் ஒரே முதலெழுத்தோடு வரிசையாக நிற்கும், கலந்துபோகும் ஆபத்து அதிகம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், பெயரை விட்டு ஃபிடே எண்ணைப் பிடியுங்கள். ட்விக் கோப்புகளில் ஆட்டத் தலைப்பிலேயே இருவரின் ஃபிடே எண்ணும் இருக்கும். செஸ் ரிசல்ட்ஸிலும் அதே எண்ணால் தேடலாம்.

கொழும்பிலிருந்து வெளியே போகும் பாலமாக, தேசிய அணியில் ஆடிய ஒருவரைத் தேடுங்கள். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் 11 சுற்று. இடையில் ஓய்வெடுத்தவருக்குக் கூட ஏழெட்டு நாட்டு எதிராளிகள் கிடைத்திருப்பார்கள், அந்த ஆட்டங்கள் நகர்த்தல்களோடு தரவுத்தளத்தில் உண்டு. அடுத்த பாலம், இலங்கையும் பங்களாதேஷும் அடங்கும் ஃபிடேயின் ஆசிய 3.2 வலயப் போட்டிகள். அங்கே நமக்கு எதிரே உட்காருபவர்களில் பங்களாதேஷ்காரர் முக்கியம், தெற்காசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் நியாஸ் முர்ஷித் 1987இல் பட்டம் பெற்ற நாடு அது. பாடசாலை அணியில் கடைசிப் பலகையில் ஆடுகிற பிள்ளை, தேசிய அணி ஆள் ஒருவரோடு ஏதாவதொரு திறந்த போட்டியில் ஒரு சுற்று ஆடியிருந்தால் போதும். ஒத்த புள்ளிக்காரரைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறையில், முதல் சுற்றில் தரவரிசையின் மேல்பாதியும் கீழ்பாதியும் மோதுவதால், தரம் குறைந்தவருக்குத்தான் அந்த வாய்ப்பு முதலில் வரும்.

அப்படிக் கிடைத்த உள்ளூர் இணைப்பை ஸ்கிட்டில் நீங்களே சேர்க்கலாம். புதிய ஆட்டம் திறந்து, நகர்த்தல் ஒன்றும் போடாமல், இரண்டு பெயர், திகதி, போட்டி, இடம், சுற்று, முடிவு ஆகியவற்றை மட்டும் நிரப்பிச் சேமியுங்கள். கருத்துப் பகுதியில் இருவரின் ஃபிடே எண்ணையும் எழுதுங்கள். இவற்றைக் கைசாபேஸுக்குள் போடாமல் 'உள்ளூர்' என்று தனித் தரவுத்தளமாக வையுங்கள். நகர்த்தல் இல்லாத ஆட்டங்களைக் குப்பையென்று கருதித் துப்புரவு வேலையின்போது அழித்துவிடுவது சுலபம், கைசாபேஸின் புதிய பதிப்பை மேலே போட்டு எழுதினாலும் போய்விடும். தேடும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் சரி.